கொஞ்சம் விலகு

செத்தவர்களின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள் என்று என் கடைக் கண்ணாடியில் எழுதி ஒட்டியிருக்கிறேன். சிவப்பில், பெரிய எழுத்தில். யாராவது வாசிக்கிறார்களா? ஒருவரும் வாசிப்பதில்லை. வாட்ஸ்அப்பில் வருகிற படம் சுருங்கி மங்கிப்போய் வரும். அதைப் பெருப்பித்து அச்சில் ஏற்றினால் முகம் அவித்த உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும். பிறகு என்னிடமே வந்து, "என்ன கிரிஜா, அம்மாவை இப்பிடிப் பண்ணிப்போட்டாய்" என்று பேசுவார்கள். நானா பண்ணினேன்? மூலப் படத்தைக் கொண்டுவா என்று தொண்டை கிழியக் கத்துகிறவள் நான்.

இலண்டனில் மிச்சம் என்கிற இடத்தில் பதினான்கு வருடமாக இந்தக் கடை. கலியாணக் கார்ட், பிள்ளை பெரியவளானால் சாமத்திய வீட்டுப் பானர் எல்லாம் அடிப்பேன். ஆனால் என் கடை ஓடுவது கல்வெட்டில்தான். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: எங்கள் ஆட்கள் செத்தால் முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வருகிறவர்களுக்கு ஒரு சின்னப் புத்தகம் கொடுப்போம். அட்டையில் செத்தவரின் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கைச் சுருக்கம், நன்றி நவிலல். அதற்குப் பெயர் கல்வெட்டு.

கிருஷ்ணராசா அண்ணை வந்தது மனைவி செத்த இருபத்திரண்டாம் நாள். வெளியே மழை. குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, தரையெல்லாம் நனைய நின்றார். மற்றக் கையில் ஒரு துணிப்பை. அதற்குள் மூன்று பழைய போன்கள், சிக்குப்பட்ட வயர்கள்.

"நாகேஸின்ர கல்வெட்டு அடிக்கவேணும் பிள்ளை," என்றார்.

எனக்கு விஷயம் தெரியும். அவர் மனைவி நாகேஸ்வரி அக்கா ட்ராமுக்குக் காத்து நின்ற இடத்தில் மயங்கி விழுந்தவர். மூளையில் இரத்தக் கசிவு என்றார்கள். இரண்டாம் நாள் போய்விட்டார். ஐம்பத்து நான்கு வயது. செத்தவீட்டுக்கு நானும் போனேன். அங்கே வைத்திருந்தது பாஸ்போட் படம். பிரெஞ்சுப் பாஸ்போட், சிரிக்கக் கூடாது, வாயை இறுக்கி மூடவேண்டும் என்று சட்டம். அதில் யாரும் பொலிஸ் பிடித்துக்கொண்டுபோன ஆள் மாதிரித்தான் இருப்பார்கள்.

அக்கா உண்மையில் எப்படி என்று எனக்குத் தெரியும். முதியோர் இல்லம் ஒன்றில் துணி தோய்க்கிற வேலை. வருடத் தொடக்கத்தில் கோயில் கலண்டர் வாங்க என் கடைக்கு வருவார். நான் யாரையாவது பேசிக்கொண்டிருந்தால் ஒரு பக்கமாக நின்று தோள் குலுங்கச் சிரிப்பார். முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு இடைவெளி. சிரிக்கிறபோது அதுதான் முதலில் தெரியும். "கிரிஜா, உன்ர வாய்க்குப் பயந்துதான் மிச்சத்தில சனம் சாகாமல் இருக்குது" என்று ஒரு தரம் சொன்னார். நான் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தேன். அப்படிப்பட்ட மனுசி.

"செத்தவீட்டில அந்தப் படத்தைப் பாத்திட்டு ரெண்டு பேர் என்னட்டயே கேட்டவை, இது ஆர் எண்டு," என்றார் அண்ணை. "முப்பத்தொண்டிலயாவது அவள் அவளா இருக்கவேணும். சிரிக்கிற படம் ஒண்டு வேணும் பிள்ளை. வேற ஒண்டும் வேண்டாம்."

அச்சடிக்க, மடிக்க, தைக்க எனக்கு ஐந்து நாள் வேண்டும். படம் தேட நான்கு நாள் மிச்சம் என்று சொன்னேன்.

"நாலு நாள் எதுக்கு? பதினாலாயிரம் படம் இருக்கு," என்று பையை மேசையில் வைத்தார்.

அவர்கள் இலண்டனுக்கு வந்து ஆறேழு வருடம்தான். அதற்கு முன் பிரான்சில், பாரிஸில் அல்ல, தெற்கே துலூஸுக்கும் அப்பால் ஒரு பட்டிக்காட்டில் பதினொரு வருடம் இருந்தார்கள். நூறு வீடு, ஒரு மாதா கோயில், ரொட்டி சுட்டு விற்கிற பாண் கடை ஒன்று. தமிழ் ஆள் என்றால் இவர்கள் மட்டும். மகள் கோசிகா ஆங்கிலத்தில் படிக்கவேண்டும் என்று, பிரெஞ்சுப் பாஸ்போட் கிடைத்த கையோடு இங்கே வந்துவிட்டார்கள். நம்மில் எத்தனையோ பேர் வந்தது போலத்தான்.

அந்தப் பட்டிக்காட்டில் அண்ணை தினமும் போனில் படம் எடுத்திருக்கிறார். நான் முதல் போனைக் கணினியில் பொருத்தித் திறந்தேன். சூரியகாந்தித் தோட்டம். திராட்சைத் தோட்டம். பனி மூடிய மலை. காலை மூடுபனிக்குள் மாதா கோயில். பழுப்பு மாடு ஒன்றுக்கு மட்டும் முப்பத்தாறு படம். நல்ல கண் அவருக்கு, பொய் சொல்லக் கூடாது. வெளிச்சம் எங்கே விழும் என்று தெரிந்து எடுத்திருக்கிறார். ஆனால் நான் தட்டுகிறேன், தட்டுகிறேன், ஆளைக் காணவில்லை.

"அண்ணை, மாட்டை நான் கல்வெட்டில போட ஏலாது. அக்கா எங்க?"

"இருப்பாள், பார். உள்ளுக்க எங்கயாவது இருப்பாள்."

அன்றைக்கு ஐயாயிரம் படம் பார்த்தோம். ஒரு முழங்கை அகப்பட்டது. வீதியில் நீளமாய் விழுந்த ஒரு நிழல் அகப்பட்டது. சூரியகாந்திக்கு ஓரத்தில் ஒரு சிவப்புத் தொப்பியின் விளிம்பு. அவ்வளவுதான். எனக்குக் கோபம் வந்தது. வந்தால் நான் மறைக்கிறவள் இல்லை.

"பதினொரு வருசம் ஒரே வீட்டில இருந்தனீங்கள். மாட்டுக்கு முப்பத்தாறு, மனிசிக்கு ஒண்டுமில்லையோ?"

அவர் எழும்பினார். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போன பிறகு என் வாயை நானே நொந்துகொண்டேன்.

மகள் கோசிகாவுக்குப் போன் பண்ணினேன். பிள்ளை யூனிவர்சிட்டியில் கடைசி வருடம். தன்னிடம் இருந்ததை எல்லாம் அனுப்பினாள். சமைக்கிற முதுகு. முகத்தை மறைத்த கை. கலியாண வீட்டுக் குழுப்படத்தில் கடைசி வரிசையில் யாருடையவோ கொண்டைக்குப் பின்னால் அரை நெற்றி. "அம்மா கமராவைக் கண்டா ஓடிருவா அன்ரி," என்று அழுதாள். "நான் கேப்பன், ஏனம்மா எண்டு. பழக்கம் எண்டு சொல்லுவா." அவர்களின் கலியாணப் படம் இருந்தது. இருபத்தைந்து வயதுப் பெண், முகமெல்லாம் பூச்சு. அதை உள்ளே போடலாம், அட்டைக்கு உதவாது.

இரண்டாம் நாள் நான் ஒரு கெட்டித்தனம் பண்ணினேன். இப்போதுதான் கணினி எதையும் செய்கிறதே. பாஸ்போட் படத்தைக் கொடுத்துச் சிரிக்க வை என்றேன், சிரிக்க வைத்தது. அண்ணையிடம் காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது ஆர் பிள்ளை?"

பல் எல்லாம் வெள்ளையாய், வரிசையாய், இடைவெளி இல்லாமல் இருந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. உடனே அழித்தேன்.

அப்போதுதான் அவர் வாயைத் திறந்தார். நான் கேட்கவில்லை. கீழே பார்த்துக்கொண்டு, தானாகவே சொன்னார்.

அந்த ஊரில் இருவருக்கும் வேலை ஒரு தாராத் தொழிற்சாலையில், வாத்து இறைச்சி வெட்டி அனுப்புகிற இடம். அவர் பெட்டி ஏற்றுகிற வேலை. அக்கா உள்ளே, வரிசையில். கொன்று தொங்கவிட்ட தாராக்கள் ஒவ்வொன்றாய் வரும். இறகு பிடுங்கவேண்டும், குடல் எடுக்கவேண்டும். விடிய ஐந்து மணிக்குத் தொடங்கி மத்தியானம் ஒரு மணி வரைக்கும். அக்கா யார் வீட்டுப் பிள்ளை? கோயில் தர்மகர்த்தா குடும்பம். முட்டை வாங்கி வந்தவனைக்கூட வாசலோடு அனுப்புகிற சைவம். அந்த வீட்டுப் பெண் பதினொரு வருடம் தாராக் குடலுக்குள் கையை விட்டாள். ஊரில் ஒருவருக்கும் தெரியாது. இலண்டனிலேயே செவன் கிங்ஸ் பக்கம் இருக்கிற அக்காவின் தமையன் பிரதாபனுக்கு மட்டும் பிறகு தெரியவந்தது. அவரும் வாயைத் திறக்கவில்லை. மற்றவர்களுக்கு, அண்ணை அங்கே மேற்பார்வையாளர்; அக்கா வீட்டில் இருக்கிறா.

"வேலை முடிஞ்சு ரெண்டு பேரும் வயல் ரோட்டால நடந்து வருவம். அந்த நேரம்தான் வெளிச்சம் நல்லாயிருக்கும். நான் படம் எடுப்பன். குடும்பக் குறூப்பில போடுவன். உடனே எல்லாரும் எழுதுவினம், நீங்கள் சொர்க்கத்தில இருக்கிறியள் எண்டு." அவர் நிறுத்தினார். "அவள் பக்கத்தில நிப்பாள். வெள்ளை ரப்பர் பூட்ஸ், சட்டையில இரத்தம், தலையில வலை, அதுக்கு மேல தொப்பி. எப்பிடிப் பிள்ளை படத்துக்குள்ள விடுறது? விலகு எண்டு சொல்லுவன். விலகி நிப்பாள்."

"ஞாயிற்றுக்கிழமை இல்லையோ அண்ணை? நல்ல உடுப்பு உடுத்தி ஒரு நாள்?"

"ஞாயிறு முழுக்க நித்திரை கொள்ளுவாள். எழுப்ப மனம் வராது."

 தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். ஆறும்வரை அதைத் தொடாமல் இருந்தார்.

இரண்டாம் போனையும் பார்த்து முடித்தோம், அதிலும் முகம் இல்லை. மூன்றாம் போன் மட்டும் உயிர் வராமல் கிடந்தது. அதை விடச் சொன்னார். "அதில இருக்கிறதெல்லாம் குறூப்பில போட்டதுதான். கோசிகாவின்ர போனிலயும் இருக்கு." ஆனால் நான் விடுவேனா? வாட்ஸ்அப் படம் வேண்டாம், மூலப் படம் வேண்டும் என்று பதினான்கு வருடமாகக் கத்துகிறவள். பழைய வயர் ஒன்றைத் தேடிப் பிடித்துச் சார்ஜில் போட்டேன். மூன்றாம் நாள் காலை கண் திறந்தது.

அண்ணை பக்கத்தில் இருந்தார். முதல் படம்: அறுவடை முடிந்த வயல், வைக்கோல் உருளைகள், தூரத்தில் மலை. ஓரத்தில் ஏதோ சிவப்பாகத் தெரிகிறதே என்று பெருப்பிக்க நினைத்து விரலை அழுத்தி வைத்தேன். படம் அசைந்தது. காற்று இரைந்தது. பிறகு ஒரு குரல்.

"விலகிட்டன். எடுங்கோ."

அக்காவின் குரல்.

நான் விரலை எடுத்துவிட்டேன். அண்ணை என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. சில போன்கள் அப்படித்தான்; படம் பிடிக்கிறபோது அதற்கு முன்னும் பின்னும் ஓரிரு வினாடி அசைவையும் சத்தத்தையும் சேர்த்தே பிடித்து வைக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் மட்டும்தான் போகும். மூலம் போனிலேயே கிடக்கும். அண்ணைக்கு அது தெரியாது. அவர் ஒரு நாளும் ஒரு படத்தையும் அழுத்திப் பார்த்ததில்லை.

"திருப்பிப் போடு," என்றார்.

போட்டேன். "விலகிட்டன். எடுங்கோ." கோபம் இல்லாத குரல். சோறு போட்டிட்டன், சாப்பிடுங்கோ என்று சொல்கிற மாதிரி ஒரு குரல். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்தப் போனில் இரண்டாயிரத்துச் சொச்சம் படம். அசைவில் ஒரு வேளை முகம் இருக்கலாம் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. கடையைப் பூட்டி, கதவில் அட்டையைத் திருப்பிப் போட்டுவிட்டு, அன்றும் மறுநாளும் ஒவ்வொன்றாய் அழுத்தினோம். சிவப்புத் தொப்பியின் பின்புறம் ஓரத்தால் நழுவிப் போகும். வெள்ளைப் பூட்ஸ் ஒன்று பின்னுக்கு வைக்கும். முகம் இல்லை. அதற்குப் பதில் அண்ணையின் குரல்தான் வந்துகொண்டே இருந்தது.

"கொஞ்சம் விலகு."

"பூட்ஸ் தெரியுது, அங்கால போ."

"நாகேஸ், நிழல் விழுது. விலகன்."

"இன்னும் கொஞ்சம்."

பனிக்காலத்தில் ஒன்று. வயல் முழுக்க வெள்ளை. அக்கா இருமுகிறார். "சத்தம் போடாமல் விலகு," என்கிறது அண்ணையின் குரல். ஏன் சத்தம் போடக் கூடாது? படத்தில் சத்தம் வராது என்றுதானே அவர் நினைத்துக்கொண்டிருந்தார்? மரத்தில் ஒரு குருவி இருந்தது. குருவி பறந்துவிடும் என்று. எனக்கு அந்த மனுசனைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். சத்தம் வரவில்லை.

ஒரே ஒரு இடத்தில் அக்கா சிரித்தார். சூரியகாந்தி, ஆடி மாதம். "நான் விலகி விலகி ஒரு நாள் அடுத்த நாட்டுக்குப் போயிடுவன், பாருங்கோ," என்று சொல்லிவிட்டு அந்தச் சிரிப்பு, பாதியில் வெட்டுப்பட்டு. சிரிப்பு இருக்கிறது. படத்தில் பூ மட்டும்தான் இருக்கிறது.

அதை அவர் பத்துப் பன்னிரண்டு தரம் கேட்டார். பிறகு போனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"பாஸ்போட் படத்தையே போடு பிள்ளை."

"அண்ணை..."

"போடு. இன்னொண்டு. வாழ்க்கைச் சுருக்கத்தில நான் இல்லத்தரசி எண்டு எழுதித் தந்தனான் எல்லே? அதை எடு. பிரான்சில பதினொரு வருசம் தாராத் தொழிற்சாலையில வேலை செய்து இந்தக் குடும்பத்தைக் காப்பாத்தினவ எண்டு போடு. அப்பிடியே போடு."

எனக்கு அழுகை வந்தது. சந்தோஷ அழுகை என்றுகூடச் சொல்லலாம், அந்த நான்கு நாளில் அது ஒன்றுதான். அவர் சொன்ன சொல்லை மாற்றாமல் தட்டெழுதினேன். அவர் வாசித்தார். ஓம் என்று தலையாட்டினார். ட்ராம் தரிப்பிடத்தை நோக்கி அவர் நடந்துபோவதைக் கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். நல்ல மனுசன் என்றும் நினைத்தேன்.

மறுநாள் காலை, நான் மிஷினைப் போடப் போகிற நேரம், போன்.

"பிள்ளை... அந்த வசனத்தை எடுத்துவிடு."

"எந்த வசனம்?" எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டேன்.

"பிரதாபன் அத்தான் இரவு போன் எடுத்தவர், நான் வசனத்தைச் சொன்னன். கல்வெட்டு ஊருக்கும் போகும் எண்டுறார். கோயில் ஆக்கள் வாசிப்பினமாம். கோசிகாவுக்கும் நாளைக்கு ஒரு கலியாணம் பேசேக்க..."

"அப்ப நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

மிஷின் சுவிச்சிலிருந்து கையை எடுத்தேன்.

"அண்ணை, உயிரோட இருக்கேக்கதான் விலத்தினீங்கள். செத்த பிறகும் விலத்திறியளோ?"

"இல்லத்தரசி எண்டே இருக்கட்டும் பிள்ளை," என்றார். வைத்துவிட்டார்.

நான் அந்த வசனத்தை அழிக்காமல் அரை மணித்தியாலம் இருந்தேன். கேளாமல் அடித்துக் கொடுத்துவிடலாம் என்று ஒரு புத்தி. ஆனால் அது என் வீட்டுக் கல்வெட்டு இல்லை. கடைசியில் அழித்தேன். "இல்லத்தரசியாக இருந்து நல்லறம் பேணி" என்று வந்தது. எத்தனை கல்வெட்டில் இதே வசனத்தைப் போட்டிருப்பேன். அவர்களெல்லாம் உண்மையில் என்ன வேலை செய்தார்களோ, சனியன், இனி எனக்கு அந்த யோசனைதான் வரும்.

முப்பத்தோராம் நாள் மிச்சத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. சடங்கு, தேவாரம், பிறகு மரக்கறிச் சாப்பாடு. மேடையில் அந்தப் பாஸ்போட் படத்தையே பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாலை சாத்தியிருந்தது. வாயை இறுக்கி மூடிய யாரோ ஒரு பெண். பிரதாபன் வாழ்க்கைச் சுருக்கத்தை ஒலிவாங்கியில் வாசித்தார். சனம் கல்வெட்டைப் புரட்டி, "நல்ல வடிவா அடிச்சிருக்கிறாய் கிரிஜா" என்றது. யாருக்கும் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வந்திருந்தவர்கள் ஆச்சரியப்பட்டிருப்பார்கள்.

சாப்பாடு முடிய, ஊருக்கு அனுப்பக் குடும்பப் படம் ஒன்று எடுக்கவேண்டும் என்றார்கள். மாலை போட்ட படத்தைச் சுற்றி இருபது பேர் நெருக்கி நின்றார்கள். கிருஷ்ணராசா அண்ணையைப் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். அவர் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் அதற்கு முன்னால் வந்துவிட்டார். பிரதாபன் போனை உயர்த்திப் பிடித்தபடி பார்த்தார்.

"மச்சான், தங்கச்சியின்ர படம் மறைக்குது. கொஞ்சம் விலகுங்கோ."

அண்ணை ஒரு அடி பின்னால் வைத்தார்.

"இன்னும் கொஞ்சம்."

இன்னும் ஒரு அடி. பிறகு யாரும் சொல்லாமலே இன்னொன்று. மேடை ஓரத்துக்கு வந்து, படிகளில் இறங்கி, சுவரோடு ஒட்டி நின்றார். கோசிகா "அப்பா, வாங்கோ" என்று கையை நீட்டினாள். அவர் தலையை ஆட்டினார். அந்தச் சத்தத்துக்குள்ளும் அவர் சொன்னது எனக்குக் கேட்டது, நான் பக்கத்தில் நின்றதால்.

"விலகிட்டன். எடுங்கோ."

படம் அன்று பின்னேரமே எனக்கும் வாட்ஸ்அப்பில் வந்தது. பத்தொன்பது பேர் நிற்கிறார்கள். அவர் அதில் இல்லை.